ஒரு சித்தமும் பல சங்கல்பங்களும்

2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், செங்கற்பட்டு உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, காட்டாங்குளத்தூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் நானும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஒருவர், நான் ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதை அறிந்தவராகையால், திரும்பிப் பார்த்து, "உள்ள நாலு சீட்டு குடுக்கறாங்களாமே வாத்தியாரே, எது எதுக்கு?" என்று கேட்டார். "வெள்ளை வார்டு மெம்பருக்கு, ரோஸ் ஊராட்சித் தலைவருக்கு, பச்சை ஒன்றியத்துக்கு, மஞ்சள் மாவட்டத்துக்கும்மா" என்றேன். அவர் சற்று யோசித்து, "வெள்ளையும் ரோஸும் ஆளப் பாத்துப் போடணும். மத்த ரெண்டுக்கும் சின்னத்தப் பாத்துப் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சட்டத்தின் ஏற்பாடும் அதுவே. வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் கட்சிச் சார்பின்றி நிற்கிறார்கள். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் மட்டுமே கட்சிச் சின்னங்கள் உண்டு. சட்டப் புத்தகத்தை ஒருநாளும் புரட்டியிராத அந்த அம்மையார் அந்தப் பாகுபாட்டைத் தாமாகவே தெரிந்து வைத்திருந்தார்.

இதே அம்மையார் சட்டசபைக்குச் செங்கற்பட்டுத் தொகுதியிலும், லோக்சபைக்குக் காஞ்சிபுரம் தொகுதியிலும் வாக்களிப்பவர். ஆக, ஒரே கையால் ஆறு தேர்வுகளைச் செய்கிறார். இந்த ஆறும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனால், அதாவது கிராமத்துக்கு ஒருவரையும், சென்னைக்கு ஒரு கட்சியையும், டெல்லிக்கு அதற்கு நேர்விரோதமான கட்சியையும் அவர் தேர்ந்தெடுத்தால், அவருடைய மனச்சான்று தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது என்று சொல்லலாமா? நேற்று ஒருவனை நம்பி இன்று கைவிடுகிறவரை உலக வழக்கில் சபலசித்தர் என்கிறோமே, அந்தச் சொல் இங்கே பொருந்துமா? அல்லது, சித்தம் ஒன்றாகவே இருந்து, அது ஏற்கும் கடமைகள் மட்டும் பலவாக இருக்கின்றனவா? தேர்தல் முடிவுகளை எண்ணிக்கையாகப் பார்க்கிறவர்களுக்கு இது கூட்டணிக் கணக்கு. எனக்கு இது நெடுநாளாகவே ஒரு தத்துவப் பிரச்சினையாக, இன்னும் சரியாகச் சொன்னால் ஒரு சமயப் பிரச்சினையாகத் தோன்றிவந்திருக்கிறது. ஏனெனில் நம்முடைய சமய வாழ்க்கை இதே வினாவை வேறு உருவத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டுவிட்டது.

எங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் ஊரம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். குலதெய்வம் மேல்மலையனூர் அங்காளம்மன் என்றால் அமாவாசை இரவில் அந்தச் சந்நிதியில் போய் நிற்பார்கள். பிள்ளைக்குக் கல்யாணம் தள்ளிப்போனால் திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொள்வார்கள். புரட்டாசிச் சனிக்கிழமையில் திருவேங்கடமுடையானுக்குத் தளிகை இடுவார்கள். கூழ் வார்த்த கையால் தளிகை இட்டதனால் அம்மனுக்குத் துரோகம் செய்தார்கள் என்று எவரும் சொன்னதில்லை. மழைக்கும் அம்மைநோய்க்கும் ஊர்க் காவலுக்கும் ஊரம்மன், வம்சத்துக்குக் குலதெய்வம், அந்தரங்கமான ஆசைக்கு இஷ்டதெய்வம் என்று அவரவர் அதிகாரத்தை அறிந்து அவரவரிடம் செல்லும் முறை அது.

ஆயினும் எதிர்க்கட்சி வாதத்தையும் மறைக்கக் கூடாது. அநந்ய பக்தி என்ற ஒன்று உண்டு. ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் தேவதாந்தர பஜனத்தை விலக்கச் சொன்னார்கள். ஒரு தெய்வத்தை அடைந்தவன் இன்னொரு வாசலில் நிற்பது கற்புநெறிக்கு இழுக்கு என்று கருதினார்கள். ஒரே கட்சிக்கு ஊராட்சி முதல் லோக்சபை வரை ஐம்பது ஆண்டுகளாக வாக்களித்துவரும் தொண்டர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். கட்சிக் கொடியின் நிறத்தில் வீட்டுத் திண்ணைக்கு வர்ணம் பூசி, தலைவர் மறைந்த நாளில் மொட்டையடித்துக்கொண்ட அவர்களுடைய நிஷ்டையை நான் ஒருபோதும் இலேசாக எண்ணியதில்லை. ஆனால் அதே ஆசாரியர்கள்தாம் உபாயம் வேறு, உபேயம் வேறு என்ற பாகுபாட்டையும் நமக்குக் கற்பித்தவர்கள். பிரிவற்ற சரணாகதி பூரணமான வஸ்துவுக்கே உரியது. கட்சியோ பூரணமன்று, ஒரு காரியத்தை முடித்துக்கொள்வதற்காக மனிதர்கள் கூடி ஏற்படுத்திக்கொண்ட உபாயம். உபாயத்தை உபேயமாக்கிக்கொண்டால் பக்தி வளர்வதில்லை, விவேகம்தான் குறைகிறது. ஆகவே தெய்வ விஷயத்தில் அநந்ய பக்தனாக இருப்பவனும் கட்சி விஷயத்தில் அப்படி இருக்கக் கடமைப்பட்டவனல்லன் என்பது என் முடிவு.

இனி, இந்தப் பிரச்சினை வெறும் சிந்தனையாக நில்லாமல் ஒரு ராஜ்யத்தின் தலைவிதியையே நிர்ணயித்த சம்பவத்துக்கு வருகிறேன். 1980 ஜனவரியில் நடந்த லோக்சபைத் தேர்தலில் வாக்குச்சாவடி அலுவலர்களுள் ஒருவனாக, இளம் ஆசிரியனாகிய நான், வாக்காளர்களின் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தேன். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் இந்திரா காங்கிரஸும் தி.மு.க.வும் சேர்ந்த அணி 37ஐக் கைப்பற்றியது. மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த எம்.ஜி. ராமச்சந்திரன் அவர்களின் அ.இ.அ.தி.மு.க.வுக்குக் கோபிச்செட்டிபாளையமும் சிவகாசியும் மட்டுமே கிடைத்தன. டெல்லியில் ஆட்சி மாறியது. பிப்ரவரி 17ஆம் தேதி, தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களின் மந்திரிசபைகள் நீக்கப்பட்டு, சட்டசபைகள் கலைக்கப்பட்டன. மே மாத இறுதியில் சட்டசபைத் தேர்தல் வந்தது. நான் மறுபடியும் மைக்குப்பியோடு உட்கார்ந்தேன். ஜனவரியில் இட்ட மை அதற்குள் நகத்தோடு வளர்ந்து வெட்டுப்பட்டுப் போயிருந்தது. சுத்தமான விரல்களாக நீட்டினார்கள். அந்த விரல்கள் 234 இடங்களில் 129ஐ அ.இ.அ.தி.மு.க.வுக்கே கொடுத்தன. ஐந்து மாதத்துக்குள், ஏறத்தாழ அதே ஜனங்கள், முற்றிலும் வேறான தீர்ப்பை எழுதினார்கள்.

அந்த ஒன்பது மாநிலங்களில் எட்டில் இந்திரா காங்கிரஸே வெற்றி பெற்றது என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் தமிழ்நாட்டின் தீர்ப்பினுடைய கனம் விளங்கும். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஜனவரியின் எதிரொலியாகவே மே மாதம் அமைந்தது. தமிழ்நாடு ஒன்றுதான், இந்த வினாவுக்குரிய விடை அதுவன்று என்று சொல்லிற்று.

மந்திரிசபைகளை நீக்கியதற்குப் பின்னால் ஒரு தத்துவம் இருந்தது. அதைத்தான் நான் பரிசீலிக்க விரும்புகிறேன். 1977இல் லோக்சபைத் தேர்தலில் வென்ற ஜனதா அரசு, காங்கிரஸ் ஆண்ட ஒன்பது மாநிலங்களின் சட்டசபைகளைக் கலைத்தது; மக்கள் உங்களை நிராகரித்துவிட்டார்களே, இனியும் ஆளும் உரிமை உங்களுக்கு ஏது என்பதே அதன் கேள்வி. மாநிலங்கள் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டே தள்ளுபடி செய்தது. மூன்றாண்டுக்குப் பின் எதிரணி அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டது. இரண்டு அரசுகளும் பகைமையில் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. ஆனால் ஒரு கருத்தில் முழுமையாக உடன்பட்டிருந்தன. மக்களின் சித்தம் ஒன்று. அது ஒரு சந்தர்ப்பத்தில் வெளிப்பட்டுவிட்டால் எல்லாச் சந்தர்ப்பங்களுக்கும் அதுவே பிரமாணம் என்பது அந்தக் கருத்து. 1762இல் சமுதாய ஒப்பந்தத்தைப் பற்றி எழுதிய ரூஸோ, பொதுச் சித்தம் பிரிக்க முடியாதது என்று வாதித்ததன் நிழல் இதில் விழுந்திருப்பதைக் காணலாம். ரூஸோவை நான் குறை சொல்லவில்லை. அவர் ஒரே சபையில் கூடக்கூடிய சிறிய குடியரசுகளை மனத்தில் வைத்திருந்தவர். பிரிக்க முடியாத சித்தம் என்ற அந்தக் கருத்தைப் பல அடுக்குகள் கொண்ட ஒரு மகாதேசத்தின் மீது போர்த்தியதுதான் பிழை.

மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா கமிஷன் 1988இல் வெளியான தன் அறிக்கையில், லோக்சபைத் தேர்தலில் தோற்றது என்ற ஒரே காரணத்துக்காகப் பெரும்பான்மையுள்ள மாநில அரசை நீக்குவது முறையன்று என்று எழுதிற்று. 1994 மார்ச் 11ஆம் தேதி, எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு அளித்த தீர்ப்புக்குப் பிறகு அந்தக் காரணம் சட்டத்திலும் செல்லாக்காசாயிற்று. நீதிபதிகள் 1994இல் வந்து சேர்ந்த இடத்துக்குத் தமிழ்நாட்டுக் கிராமத்து விரல்கள் 1980 மே மாதத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கர்வம் உண்டாவதை மறைக்க மாட்டேன்.

நம் வீடுகளில் எந்தச் சுபகாரியம் தொடங்கினாலும் முதலில் சங்கல்பம் செய்துகொள்கிறோம். புரோகிதர் பிரம்மாவின் ஆயுளில் தொடங்கி, கல்பம், மன்வந்தரம், யுகம் என்று இறங்கி, ஜம்புத்வீபம், பாரத வர்ஷம் என்று தேசத்தைக் குறுக்கி, வருஷம், அயனம், ருது, மாசம், பக்ஷம், திதி, வாரம், நட்சத்திரம் எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் கர்த்தாவின் பெயரையும், இன்ன பலனுக்காக இன்ன கர்மத்தைச் செய்கிறேன் என்பதையும் சொல்லச் செய்கிறார். சிறு வயதில் இந்த நீண்ட விலாசம் எதற்கென்று நான் வியந்ததுண்டு. கர்மத்தின் உயிர் அந்த விலாசத்தில்தான் இருக்கிறது என்பது பின்னர் விளங்கிற்று. கணபதி ஹோமம் செய்கிற கையும் சிராத்தம் செய்கிற கையும் ஒன்றே. நெய்யும் தர்ப்பையும் ஒரே கடையில் வாங்கியவையே. ஆனால் சங்கல்பம் வேறாதலால் கர்மம் வேறு, பலனும் வேறு. ஆயுஷ்ய ஹோமத்தின் பலனை எடுத்துப் பித்ரு கடனில் வரவு வைத்துக்கொள்ள முடியாது.

வாக்களிப்பதும் இத்தகைய கர்மமே. அதற்கும் தேசம் உண்டு, காலம் உண்டு, கர்த்தா உண்டு, குறித்த பலன் உண்டு. எல்லைப் பாதுகாப்பும் நாணயமும் ரயிலும் வெளிநாட்டு உறவும் குறித்த பலனாயிருக்கையில் ஒரு சங்கல்பம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் போலீஸும் பஸ்ஸும் ரேஷன் கடையும் குறித்த பலனாயிருக்கையில் வேறொரு சங்கல்பம். ஏரி மதகும் தெருக்குழாயும் தெருவிளக்கும் மட்டுமே என்றால் மூன்றாவது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இல், பிரதிநிதித்துவ ஆட்சியைப் பற்றிய தம் நூலில், வாக்கைச் சொந்த சொத்தாகக் கருதாமல் ஒப்படைக்கப்பட்ட தர்மமாகக் கருத வேண்டும் என்று வாதித்தார். அதை நான் ஏற்கிறேன். ஆனால் எந்தத் தர்மம் ஒப்படைக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என்ற அதிகாரத்தை முடித்தவுடன் தெரிந்துவினையாடல் என்று இன்னோர் அதிகாரம் வகுத்திருக்கிறார். ஒருவரை ஆராய்ந்து நம்புவது ஒரு காரியம். நம்பப்பட்டவருக்கு எந்த வினை பொருந்தும் என்று அறிந்து அதில் நிறுத்துவது அதன் பிறகு வரும் வேறொரு காரியம். நாமோ பெரும்பாலும் முதல் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறோம்.

ஆட்சேபங்கள் இருக்கின்றன. அவற்றுள் சில என் வாதத்தைக் கடுமையாகவே தாக்குகின்றன. 1980 ஜனவரித் தீர்ப்பு டெல்லியை மட்டும் குறித்ததா? இல்லை என்றே சொல்ல வேண்டும். ஜனதா ஆட்சி சிதைந்ததைக் கண்டு நிலையான மத்திய அரசை விரும்பியவர்கள் ஒருபுறம் இருக்க, பிற்பட்ட வகுப்பினரின் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று 1979இல் மாநில அரசு விதித்த வரம்பின் மீது மூண்ட கோபமும் அதில் கலந்திருந்தது. தோல்வி வந்தவுடன் எம்.ஜி.ஆர். அரசு அந்த வரம்பை நீக்கி, ஒதுக்கீட்டை 31லிருந்து 50 சதவீதமாக உயர்த்திற்று. அதாவது, டெல்லிக்கான வாக்குப் பெட்டியில் சென்னைக்கான கண்டனத்தையும் ஜனங்கள் போட்டிருக்கிறார்கள். சங்கல்பம் கலப்படமாகத்தான் இருந்தது. ஆயினும் மே மாதத்தில் கேள்வி தெளிவாக வந்தபோது விடையும் தெளிவாகவே வந்தது. கண்டித்தவர்கள் நீக்கச் சொல்லவில்லை.

1989ஐயும் பலர் உதாரணமாகக் காட்டுவார்கள். ஜனவரியில் சட்டசபையில் 150 இடங்களை வென்ற தி.மு.க., நவம்பரில் லோக்சபைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. பார்ப்பதற்கு இது இன்னும் பெரிய அதிசயம். ஆனால் இதை என் தரப்புச் சாட்சியாக நான் அழைக்க மாட்டேன். ஜனவரியில் அ.இ.அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என இரண்டாகப் பிளந்து கிடந்தது. காங்கிரஸ் தனியே நின்றது. நவம்பருக்குள் பிளவு ஒட்டிக்கொண்டு கூட்டணியும் அமைந்துவிட்டது. எதிரணி வாக்குகள் ஒன்றுசேர்ந்ததன் விளைவே பெரும்பகுதி. ஜனங்களின் மனம் அந்த அளவுக்கு மாறியதென்று கொள்ள ஆதாரம் போதாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலியது. 1971, 1984, 1991, 1996 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இரண்டு தேர்தல்களும் ஒருங்கே நடந்தன. நான்கிலும் ஒரே அணி இரண்டையும் அள்ளிக்கொண்டு போயிற்று. இரண்டு வாக்குகளையும் ஒரே வேளையில் கையில் கொடுத்தால் இந்த விவேகம் எங்கே போகிறது என்று கேட்கலாம். பிரித்தறியும் சக்திக்கு அவகாசம் வேண்டும் என்பது என் விடை. ஒரே நாளில் கூழும் வார்த்துத் தளிகையும் இடச் சொன்னால், எந்தச் சத்தம் பெரிதோ அதுவே மனத்தை நிறைக்கும்.

அப்படியிருந்தும், ஒரே நாளில்கூட விரல் தடுமாறாமல் இரு வழி போனதற்குச் சான்று இருக்கிறது. 2019 ஏப்ரல் 18ஆம் தேதி, தமிழ்நாட்டின் 38 லோக்சபைத் தொகுதிகளுக்கும் 18 சட்டசபைத் தொகுதிகளின் இடைத்தேர்தலுக்கும் ஒருங்கே வாக்குப்பதிவு நடந்தது. மே மாதத்தில் இன்னும் நான்கு இடைத்தேர்தல்கள். எங்களுக்கு அண்டையிலுள்ள திருப்போரூரும் அந்தப் பதினெட்டில் ஒன்று. அங்கே இரண்டு வாக்கும் தி.மு.க.வுக்கே வெற்றி தந்தன. லோக்சபையில் தி.மு.க. அணி தேனியைத் தவிர அனைத்தையும் வென்றது. அந்த வேகத்தில் 22 இடைத்தேர்தல்களும் அதன் கைக்கே போயிருந்தால் மாநில ஆட்சி கவிழ்ந்திருக்கும். ஜனங்கள் அதற்கு 13ஐக் கொடுத்து, ஆளும் அ.இ.அ.தி.மு.க.வுக்கு ஒன்பதைக் கொடுத்தார்கள். திண்டுக்கல் லோக்சபைத் தொகுதியில் தி.மு.க. ஐந்து லட்சம் வாக்குகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்ற அதே நாளில், அதற்குள் அடங்கிய நிலக்கோட்டை இரட்டை இலைக்குப் போயிற்று. தூத்துக்குடியில் கனிமொழி பெருவெற்றி பெற்றார். அதற்குள் அடங்கிய விளாத்திகுளத்தில் அ.இ.அ.தி.மு.க. வென்றது. இந்த இரு லோக்சபைத் தொகுதிகளிலும் அ.இ.அ.தி.மு.க. தானே நிற்காமல் பா.ம.க.வுக்கும் பா.ஜ.க.வுக்கும் விட்டுக்கொடுத்திருந்தது, ஆகையால் இலைச் சின்னம் மேல் வாக்கில் இல்லவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த விவரம் என் வாதத்தைக் குறைப்பதில்லை. இலைக்குக் கீழே வாக்களித்துவிட்டு, இலை சொன்ன தோழமைக் கட்சிக்கு மேலே வாக்களிக்க மறுத்தவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதானே அதன் பொருள்?

நம் தேசத்துக்கு வெளியே இதே பிரச்சினை இன்னும் ஒரு படி மேலே நிகழ்கிறது. ஐரோப்பாவில் தேசங்களுக்கு மேற்பட்ட ஒரு பார்லிமெண்ட் இருக்கிறது. 1979 ஜூனில் முதன்முதலாக அதற்கு மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். மறு ஆண்டே, தமிழ்நாடு இரண்டு தீர்ப்புகளை எழுதிய அதே 1980இல், ரைஃப், ஷ்மிட் என்ற இரு அறிஞர்கள் அந்தத் தேர்தலை ஆராய்ந்து, அதை இரண்டாந்தரத் தேர்தல் என்று வகைப்படுத்தினார்கள். தங்கள் ஆட்சி அங்கே நிர்ணயமாவதில்லை என்று கருதுவதால் ஜனங்கள் குறைவாகவே வருகிறார்கள். வருகிறவர்களும் சொந்த நாட்டு அரசின் மீதுள்ள அதிருப்தியைத் தீர்த்துக்கொள்கிறார்கள். ஆளுங்கட்சி சரிந்து சிறு கட்சிகள் ஓங்குகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. 1979இல் சுமார் 62 சதவீதமாயிருந்த வாக்குப்பதிவு 2014இல் 43க்கும் கீழே இறங்கி, பிறகுதான் 50ஐத் தாண்டிற்று. பிரிட்டனில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தே விலக வேண்டும் என்ற ஐக்கிய ராஜ்யச் சுதந்திரக் கட்சி 2014இல் அந்தப் பார்லிமெண்டுக்கு 24 பேரை அனுப்பி முதலிடம் பெற்றது. மறு ஆண்டு சொந்தப் பார்லிமெண்டில் அதற்குக் கிடைத்தது ஓரிடம். வாக்குகளை இடங்களாக மாற்றும் முறை இரண்டிலும் வேறு என்பது இதில் பாதிக் காரணம். மறுபாதி, சங்கல்பப் பிழை. அம்மனிடம் உள்ள கோபத்தைப் பெருமாள் கோயில் உண்டியலில் போட்டால் இருவருக்கும் விஷயம் தெரியாமலே போகும்.

இங்கே நம் நிலைமை தலைகீழ். 2024 லோக்சபைத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு சுமார் 69.7 சதவீதம், 2021 சட்டசபைத் தேர்தலில் 72ஐத் தாண்டியது. வேறுபாடு சிறிது. மேல் மன்றத்தைத் தமிழன் இரண்டாந்தரமாக எண்ணவில்லை. தன் இல்லத்துக்கு மேலே உள்ள இன்னொரு இல்லமாகவே எண்ணுகிறான். கீழ்மட்டத்தில்தான், அதாவது அந்த மஞ்சள் சீட்டில்தான், எங்களுக்குச் சிரத்தை குறைவு. மாவட்ட ஊராட்சி என்ன செய்கிறது என்று கேட்டால் எங்கள் தெருவில் பத்துப் பேரில் ஒருவர் சொல்வதும் சந்தேகம். சங்கல்பத்தில் பலனைச் சொல்லத் தெரியாமல் மந்திரத்தை மட்டும் உச்சரிப்பதற்கு இது ஒப்பானது. இந்தக் குறையை நான் என் போன்ற ஆசிரியர்கள் மீதே சுமத்துகிறேன். குடியியல் பாடத்தைப் பரீட்சைக்காகவே நடத்தினோம்.

உத்திரமேரூர் எங்கள் காஞ்சிபுரம் லோக்சபைத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. முதற் பராந்தகன் காலத்து, பத்தாம் நூற்றாண்டின் குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலையில் ஆள் எடுத்து, சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று வகுத்தார்கள். அது எல்லா ஜனங்களின் சபையன்று. நிலமும் வேதப் பயிற்சியும் உடைய பிராமணர்களின் சபை. அதன் குறை குறைதான். ஆனால் ஏரிக்கு வேறு, தோட்டத்துக்கு வேறு என்று வினையைப் பிரித்து ஆளை நியமிக்கும் எண்ணம் இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்பதை அந்தக் கல் காட்டுகிறது.

என் மனத்தை மிகவும் வருத்துவது கட்சி மாறி வாக்களிப்பதன்று, பணம். தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் 2016இல், ராதாகிருஷ்ணன் நகரில் 2017இல், வேலூர் லோக்சபைத் தொகுதியில் 2019இல், வாக்காளருக்குப் பணம் பாயும் அளவைக் கண்டு தேர்தலையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. பணத்தை வாங்கிக்கொண்டு இஷ்டப்படி வாக்களிக்கிறோம் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். பூர்வ மீமாம்சகர்கள் யாகத்தைப் பற்றி ஒரு நிர்ணயம் செய்திருக்கிறார்கள்: அக்கினியில் ஆகுதி சொரிகிறவர்கள் ரித்விக்குகள், கை அவர்களுடையது, உழைப்பு அவர்களுடையது, ஆனால் தட்சிணை கொடுத்து அவர்களை நியமித்தவன் யஜமானன் ஆகையால் யாகத்தின் பலன் யஜமானனைச் சேரும். வாக்குச்சாவடியில் யஜமானனாக இருக்க வேண்டியவன் பிரஜை. எவனிடமிருந்து அவன் தட்சிணை வாங்குகிறானோ அவன் அந்தக் கணத்திலேயே யஜமானன் ஆகிவிடுகிறான். பிரஜை ரித்விக்காக இறங்கிவிடுகிறான். ஐந்தாண்டுப் பலனும் கொடுத்தவனுக்கே போவதை நாம் கண்ணால் பார்க்கவில்லையா? சங்கல்பம் கலப்படமானால் திருத்தலாம். விற்கப்பட்டால் கர்மமே நம்முடையதன்று.

இப்போது லோக்சபைக்கும் எல்லாச் சட்டசபைகளுக்கும் ஒருங்கே தேர்தல் நடத்துவதற்கான அரசியலமைப்புத் திருத்த மசோதா 2024 டிசம்பர் 17ஆம் தேதி லோக்சபையில் கொண்டுவரப்பட்டுக் கூட்டுக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. செலவு குறையும், நிர்வாகம் அடிக்கடி முடங்காது என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். தேர்தல் பணியில் பல இரவுகளைப் பள்ளிக்கூட பெஞ்சுகளில் படுத்துக் கழித்தவன் என்ற முறையில் அந்தக் காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. 1951-52 முதல் 1967 வரை தேசம் முழுவதும் பெரும்பாலும் அப்படித்தான் வாக்களித்தது. ஆயினும் ஜனவரியும் மே மாதமும் ஒன்றாயிருந்திருந்தால் 1980இன் இரண்டாம் தீர்ப்பு எழுதப்பட்டே இராது என்பதை என்னால் மறக்க முடியவில்லை. அதை எழுதிய ஜனங்களின் விரல்களைத் தொட்டு மை வைத்தவன் நான். மசோதாவை ஆதரிப்பவர்களையும் எதிர்ப்பவர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுவே: செலவைப் பற்றிப் பேசுங்கள், காலத்தைப் பற்றிப் பேசுங்கள், மக்களின் சித்தம் ஒன்றுதானே, ஒரு நாள் போதாதா என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.